அடைக்கு உட்காராத கோழியும் அதன் குஞ்சுகளும்

பழுப்பு முட்டையிடும் கலப்பினக் கோழிகளை வீட்டில் வளர்க்கிறவர்கள் எல்லாரும் கொஞ்ச நாளில் ஒரு கேள்விக்கு வந்து நிற்பார்கள். இவ்வளவு நன்றாக முட்டை வைக்கிறதே, இதன் முட்டையையே அடைவைத்து இன்னும் பத்துப் பதினைந்து ஆக்கிக்கொண்டால் என்ன? குஞ்சுக்காரரிடம் திரும்பவும் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

ஆக்கலாம். ஆனால் பொரிந்து வருவது அந்தக் கோழியாக இருக்காது. ஏன் இருக்காது, வருவதை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீடு கோபி பக்கத்தில் வாய்க்கால் பாசனப் பகுதியில் இருக்கிறது. பின்னால் நாலு தென்னை, ஒரு முருங்கை, மாட்டுக் கொட்டகை, குப்பைக்குழி. அதில் மேய்வது பழுப்பு லேயர் என்கிற அந்தக் கலப்பின முட்டைக்கோழி கொஞ்சம், கிராமப்பிரியா என்ற இன்னொரு கலப்பினம் கொஞ்சம், சிறுவிடை எனும் சின்ன உடம்பு நாட்டுக்கோழிகள், அத்தையின் பழையவை, கொஞ்சம். பண்ணை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

முதலில் இந்தக் கலப்பினம் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடுவோம். கடையில் கிடைக்கும் பழுப்பு லேயர் ஒரு சேவலும் ஒரு பெட்டையும் சேர்ந்து வந்த சாதாரணக் கலப்பு இல்லை. பொதுவாக நான்கு தனித்தனி வழிகளை, அதாவது கோழிப் பரம்பரைகளை, தலைமுறை தலைமுறையாகத் தனியே காத்து வருவார்கள். இரண்டு வழியைச் சேர்த்தால் தகப்பன் சேவல் வரும், மற்ற இரண்டைச் சேர்த்தால் தாய்க்கோழி வரும். இந்த இரண்டையும் சேர்த்துப் பிறப்பதுதான் நம் வீட்டுக்கு வருகிறது. ஒவ்வொரு வழியிலும் ஒரு குணத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள்: ஒன்றில் முட்டை எண்ணிக்கை, ஒன்றில் ஓட்டின் உறுதி, ஒன்றில் குறைந்த தீனி. கடைசிக் கலப்பில் அவை எல்லாம் ஒரே உடம்பில் வந்து சேர்கின்றன. அதற்கு அடுத்த தலைமுறையில் கலைந்து பிரிந்துவிடுகின்றன. ஹைபிரிட் மக்காச்சோளத்தில் விதை எடுத்து மறு வருடம் விதைத்துப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பழுப்பு லேயரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பொரிப்பகத்தில் குஞ்சு வெளியே வந்த அன்றைக்கே நிறத்தைப் பார்த்து ஆண், பெண் பிரித்துவிடுவார்கள். பெட்டைக் குஞ்சு செம்பழுப்பு, சேவல் குஞ்சு வெளிர் மஞ்சள். தகப்பன் சிவப்பு நிறத்து வழியாகவும் தாய் வெள்ளி நிறத்து வழியாகவும் இருப்பதால் இது நடக்கிறது. கோழியில் தாயிடம்தான் இசட், டபிள்யூ என்று இரண்டு வகைப் பால் குரோமோசோமும் இருக்கின்றன. சேவலுக்கு இரண்டுமே இசட். தாயின் ஒரே இசட் மகனுக்குத்தான் போகும், மகளுக்கு டபிள்யூ. வெள்ளி நிறத்து மரபணு இசட்டில் உட்கார்ந்திருக்கிறது, சிவப்பை அடக்கவும் செய்கிறது. அதனால் மகன்கள் தாயைப் போல் வெளிறி, மகள்கள் தகப்பனைப் போல் சிவந்து பிறக்கிறார்கள். இப்போது அந்தச் சிவந்த மகளை நம் வீட்டுச் சிவப்புச் சேவலோடு விட்டு, முட்டையை அடைவைத்தால்? தாயிடம் வெள்ளியே இல்லை. ஆண், பெண் நிறம் பிரியாது. சேவல் குஞ்சு எது என்று தெரிந்துகொள்ளக் கொண்டை சிவக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நிறத்துக்கு நடப்பதேதான் கண்ணுக்குத் தெரியாத முட்டை எண்ணிக்கைக்கும் நடக்கிறது. அது நமக்குத் தெரிய ஆறு மாதம் ஆகும், அவ்வளவுதான்.

(அந்த வெளிர் மஞ்சள் சேவல் குஞ்சுகளால் லேயர் பண்ணைக்கு ஒரு பயனும் இல்லை. தேர்க்கடையிலும் சந்தையிலும் பச்சை, ரோஸ் சாயம் அடித்துக் குழந்தைகளிடம் விற்கிறார்களே, அவை இப்படிக் கழிக்கப்பட்ட லேயர் சேவல் குஞ்சுகள்தான். தயவுசெய்து வாங்காதீர்கள்.)

கிராமப்பிரியா, வனராஜா போன்றவற்றில் சிக்கல் வேறு மாதிரி வரும். இரண்டும் ஹைதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கியவை. வனராஜா கறிக்கும் முட்டைக்கும். புறக்கடையில் வருடத்துக்கு 100, 110 முட்டை. கிராமப்பிரியா முட்டைக்கு, 160 முதல் 180 வரை. இவற்றைக் குஞ்சாக வாங்கும்போது பெரும்பாலும் ஆணும் பெண்ணும் கலந்தே வரும். வளர்ந்ததும் அண்ணன் தங்கைகளே சேர்ந்து அடுத்த தலைமுறை வந்துவிடும். அப்படி வந்ததை ஒரு கூட்டமாக நிற்க வைத்துப் பாருங்கள்: ஒன்று நெட்டைக்கால், ஒன்று குட்டை, ஒன்று பாட்டியைப் போல் பருத்தது, ஒன்று எப்போது முட்டைக்கு வரும் என்றே தெரியாதது. பெருக்குவதற்கு வைக்க வேண்டாம் என்று குஞ்சு கொடுக்கிற இடத்தில் சொல்வார்கள். வியாபாரத்துக்காகச் சொல்கிறார்கள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம், ஆனால் சொல்வது சரிதான்.

இனி முட்டைக் கணக்கு. நல்ல சிறுவிடை வருடத்துக்கு 60, 80 முட்டை வைக்கும். ஒரு ஈடு பன்னிரண்டு, பதினைந்து. அதோடு நிறுத்தி அடைக்கு உட்காரும். 21 நாள் அடை, அதற்கப்புறம் ஒன்றரை, இரண்டு மாதம் குஞ்சோடு திரியும். பிறகுதான் அடுத்த ஈடு. லேயர் கோழி பண்ணையில் 300ஐத் தாண்டுகிறதென்றால், நடுவில் இந்த இரண்டு, மூன்று மாத விடுப்பு இல்லை என்பது அதற்குப் பெரிய காரணம். அடைகாக்கும் குணத்தை மனிதர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கள் அத்தைக்கு இதில் ஆரம்பத்திலிருந்தே உடன்பாடு கிடையாது. "ஏம்மிணி, இது கோழியா மெசினா? நாளு தவறாம போட்டுட்டே இருக்குது, ஒரு நா உக்காரோணும்னு நெனைக்க மாட்டீங்குது" என்பார். முட்டையை எடுத்து வருவதும் அவர்தான், அது வேறு விஷயம்.

அந்த மெசினுக்குத் தீனி வேண்டும். முட்டையில் இருக்கும் லேயர் ஒன்று நாளைக்குச் சுமார் 110 கிராம் சாப்பிடும். வருடத்துக்கு 40 கிலோ. பண்ணையில் 300 முட்டைக்கு அந்த 40 கிலோ சரிக்கட்டிவிடும். வீட்டில் 200 முட்டைதான் வருகிறதென்றால் ஒரு முட்டைக்கு 200 கிராம் தீனி. உங்கள் ஊர்த் தீவன விலையைப் பெருக்கிப் பாருங்கள், சில ஊர்களில் கடை முட்டையே மலிவாக இருக்கும். வீட்டுக் கோழி கட்டுப்படியாவது, அது குப்பையைக் கிளறிக் கறையானும் புல்லும் தானும் தேடித் தின்பதால்தான். இங்கேதான் வளர்ந்த கோழியாக வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். பண்ணைக்கென வளர்த்த, முட்டைக்கு வரப்போகும் இளங்கோழிகளுக்குப் பெரும்பாலும் அலகு வெட்டியிருக்கும். தீவனத் தொட்டியில் தூள் தீனியை அள்ளித் தின்ன அந்த மொட்டை அலகு போதும். தரையில் கிடக்கும் ஒற்றைக் கம்புத் தானியத்தை எடுக்கச் சொல்லிப் பாருங்கள். குனியும், கொத்தும், கம்பு நழுவி ஒரு அங்குலம் தள்ளிப் போகும், மறுபடி கொத்தும். அதற்குள் சிறுவிடை வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். ஒருநாள் குஞ்சாக, அலகு வெட்டாததாகக் கேட்டு வாங்குவதே நல்லது.

ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஒரு முட்டை ஓட்டில் மட்டும் இரண்டு கிராமுக்கு மேல் கால்சியம் போகிறது. லேயர் தீவனத்தில் அதற்கென நிறையச் சேர்த்திருப்பார்கள். கலந்து வளர்க்கிற வீட்டில் அதுவே தொந்தரவு, ஏனென்றால் குஞ்சுகளும் அதே தீனியைத் தின்றால் அந்தச் சுண்ணாம்பு சிறுநீரகத்தைக் கெடுக்கும். குஞ்சுத் தீவனத்தை எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிட்டுக் கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்தால் முடிந்தது. தேவைப்படும் கோழி தானே போய்த் தின்னும், சேவலும் குஞ்சும் பெரிதாகச் சீண்டாது.

சரி, அடைக்கு வருவோம். எங்கள் வீட்டில் கலப்பினக் கோழி முட்டைக்கு, சிறுவிடை குஞ்சு பொரிக்க என்று வேலை பிரிந்திருக்கிறது. இரண்டில் ஒன்று மட்டும் வைத்திருக்கிறவர்களைவிட இது லாபம் என்பது என் கருத்து. சிறுவிடை அடைக்கு வந்ததும் அதன் கீழே நாம் விரும்பும் முட்டையை வைக்கலாம். யார் முட்டை என்று அது பார்ப்பதில்லை. இன்குபேட்டர் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். 37.5 டிகிரி வெப்பம், ஈரப்பதம், நாளைக்குப் பல முறை திருப்புவது எல்லாவற்றையும் அது செய்துவிடும். கரண்ட் போனால் என்ன செய்வது, பொரித்த குஞ்சுக்குப் பருந்தைப் பார்த்து ஒளிய யார் சொல்லிக்கொடுப்பது என்பதற்குத்தான் அதில் பட்டன் இல்லை.

எல்லா முட்டையும் அடைக்கு ஆகாது. முட்டைக்கு வந்த புதிதில் கலப்பினக் கோழி வைக்கும் சின்ன முட்டைகளில் பொரிப்பது நோஞ்சானாக இருக்கும். ஏழு மாதம் தாண்டட்டும். ஒரு வாரம், அதிகம் போனால் பத்து நாளுக்கு மேல் வைத்த முட்டை வேண்டாம். கழுவக் கூடாது, பிரிட்ஜில் வைக்கக் கூடாது. அகன்ற முனை மேலே இருக்கும்படி நிழலான இடத்தில் வைத்தால் போதும். தாய்க்கோழிக்குக் கீரை கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண லேயர் தீவனம் நாம் தின்னும் முட்டைக்காகச் செய்தது, குஞ்சு பொரிக்கும் முட்டைக்கு அதிலுள்ள வைட்டமின் போதாமல் போகலாம். பி2 குறைந்தால் கால்விரல் உள்பக்கம் சுருண்ட குஞ்சுகள் பிறக்கும். அடைக்கு முட்டை சேர்க்கத் தொடங்குவதற்கு முன்பே முருங்கைக்கீரையைக் கொத்தாக ஒடித்துக் கட்டித் தொங்கவிட்டுவிடுகிறேன். குதித்துக் குதித்துத் தின்னும்.

அடைவைப்பது அத்தையின் இலாகா. அகன்ற மண்சட்டியில் ஆற்றுமணல், அதன்மேல் வைக்கோல். ஓரத்தில் ஒரு இரும்புத் துண்டு, ஒரு அடுப்புக்கரி, இரண்டு வரமிளகாய். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடாமலிருக்க. மிளகாய்க்கும் இடிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை. இருட்டிய பிறகு கோழியை மெல்லத் தூக்கி அது வைத்த முட்டையை எடுத்துவிட்டு மாற்று முட்டையை உள்ளே விட வேண்டும். பகலில் செய்தால் எழுந்து போனாலும் போய்விடும். சொந்த முட்டையானால் பன்னிரண்டு வைப்போம். கலப்பின முட்டை பெரிது, எட்டு ஒன்பதுக்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு எட்டாது.

ஏழாம் நாள் இரவு செல்போன் டார்ச்சில் பார்க்கலாம். சிறுவிடை முட்டையின் வெளிறிய ஓட்டில் எல்லாம் தெளிவாகத் தெரியும்: நடுவில் ஒரு கரும்புள்ளி, அதிலிருந்து நாலா பக்கமும் சிவப்பு நரம்புகள், உற்றுப் பார்த்தால் புள்ளி அசையும். பழுப்பு ஓடு வெளிச்சத்தை விழுங்கிவிடும், ஏழாம் நாள் ஒன்றும் தெரியாது. அவசரப்பட்டுக் கூமுட்டை என்று கழித்துவிடாமல் பத்தாம் நாள் மறுபடி பாருங்கள். கரு பிடித்தது பாதிக்கு மேல் இருட்டியிருக்கும், பிடிக்காதது அப்படியே ஒளி விடும். பதினெட்டாம் நாளுக்குப் பிறகு கை வைக்கவே கூடாது. பொரித்த குஞ்சு வயிற்றில் மீதமிருக்கும் மஞ்சள் கருவை வைத்தே இரண்டு நாள் தாங்கும். முதலில் வந்தது பட்டினி கிடக்கிறதே என்று தாயைக் கிளப்பிவிட்டால் பின்னால் வரவேண்டியது உள்ளேயே போய்விடும்.

இப்படி அடைவைப்பதற்கு எந்தச் சேவலின் முட்டை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் கலப்பினப் பெட்டையைச் சிறுவிடைச் சேவலோடுதான் விடுகிறேன், கலப்பினச் சேவலைக் கூட்டத்தில் வைப்பதே இல்லை. பிறக்கும் பெட்டைகள் முட்டையில் தாயைவிடக் குறைவு, சிறுவிடையைவிட மேல். சிலது அடைக்கு உட்காரும், சிலது உட்காராது, சிலது மூன்று நாள் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடும். அந்த மூன்றாவது ரகத்தை நம்பி முட்டை வைக்காதீர்கள். முதல் அடைக்கு ரெண்டு பழைய முட்டையைப் போட்டு ஒரு வாரம் சோதித்துப் பார்த்த பிறகு நல்ல முட்டையை வைக்கலாம். ஓடி ஒளிவதிலும் மரத்தில் ஏறி அடைவதிலும் இவை தகப்பனைக் கொண்டிருக்கும். மரநாய் நடமாட்டம் உள்ள எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயமில்லை.

இதேதான் ஆராய்ச்சி நிலையங்களும் செய்கின்றன, முறையாக. பரேலி அருகே இஸத்நகரில் உள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிறுவனம், தன்னுடைய காரி ரெட் என்ற முட்டைக் கோழியோடு அசீல் என்ற நாட்டினத்தைச் சேர்த்து நிர்பீக், கடக்நாத் என்ற நாட்டினத்தைச் சேர்த்து ஷியாமா என்று வெளியிட்டது. நாட்டு ரத்தத்தின் பிழைக்கும் திறன் பாதி, முட்டை பாதி. அவர்களிடம் இரண்டு பக்கத்துப் பெற்றோரும் தனித்தனியே கலப்பில்லாமல் எப்போதும் இருக்கின்றன. நம்மிடம் ஒரு முற்றம்தான் இருக்கிறது. அதனால் நாம் செய்யும் கலப்பை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோக முயலாமல், சில வருடத்துக்கு ஒருமுறை புதிதாகக் கலப்பினக் குஞ்சு வாங்கிக்கொண்டு, சிறுவிடைக் கிளையை மட்டும் கலக்காமல் காப்பாற்றுவது புத்திசாலித்தனம். சிறுவிடையைப் பெருக்க முட்டை சேர்க்கும் காலத்தில் அவற்றைச் சேவலோடு தனியே அடைத்துவிட வேண்டும். கோழியின் உடம்பில் சேவலின் விந்து இரண்டு வாரமும் அதற்கு மேலும் தங்கும். சேவலை மாற்றிய மறுநாளே முட்டையை எடுத்து வைத்துவிட்டு, பிறந்த குஞ்சு பழைய சேவலின் ஜாடையில் இருக்கிறதே என்று வியக்க வேண்டாம். மூன்று வாரம் விட்டு எடுங்கள்.

எந்தப் பெட்டையை வைத்துக்கொள்வது என்பதற்கு நான் காலண்டரை நம்புகிறேன். காலில் வண்ண வளையம், முட்டை வைத்த நாளில் அதே வண்ணப் பேனாவில் ஒரு கோடு. யார் வைத்தது என்று தெரியாவிட்டால் கையால் பார்க்கலாம்: பின்புறத்தில் இரண்டு பக்கமும் துருத்தும் எலும்புகளுக்கு நடுவே இரண்டு, மூன்று விரல் தாராளமாக நுழைந்தால் முட்டையில் இருக்கிறது, ஒரு விரல்தான் நுழைகிறதென்றால் நின்றுவிட்டது. மஞ்சள் கால் கோழியென்றால் வாரக்கணக்கில் முட்டை வைக்க வைக்கக் கால் வெளுத்துக்கொண்டே போகும். ஐப்பசி, கார்த்திகையிலும் மஞ்சள் காலோடு பளபளவென்று நிற்கும் கோழி அழகுக்கு நிற்கிறது என்று அர்த்தம்.

கழிச்சல் நோயைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இவ்வளவும் வீண். ராணிக்கெட் எனும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் நாடு, கலப்பு என்று பார்க்காது, கூண்டோடு போய்விடும். ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நாலாவது வார வாக்கில் மறுபடி ஒன்று, எட்டாவது வாரம் ஊசி. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தடுப்பு மருந்தைக் கலந்தால் மருந்து செத்துவிடும். வருடா வருடம் பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை இலவச முகாம் நடத்துகிறது. "எங்க கோழி நாட்டுக்கோழிங்க, அதுக்கெல்லாம் ஒண்ணும் வராது" என்று சொல்லும் வீடுகளில்தான் பங்குனியில் கூடை காலியாகிறது.

கலப்பினக் கோழி ஒன்றரை வயதுக்கு மேல் என்ன ஆகும் என்றும் கேட்பார்கள். பண்ணைகள் அந்த வாக்கில் கழித்துவிடும். வீட்டில் விட்டால் இறகை உதிர்த்து, இரண்டு மாதம் பரட்டையாகத் திரிந்து, மறுபடி முட்டைக்கு வரும். முன்னைவிடக் குறைவு, முட்டை பெரிது, ஓடு மெல்லிசு. ஓடு மெலிந்துவிட்டால் அடைக்கு எடுக்காதீர்கள். முட்டை வெளியே வராமல் உள்ளே சிக்கிக்கொண்டு சாவதும், நெஞ்செலும்பு முறிந்து நடை தளர்வதும் இந்த வயதில்தான் அதிகம், அதற்கு நம்மால் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

எங்கள் கூட்டத்தில் இப்போது மாற்ற வேண்டியது சேவலை. இரண்டு வருடமாக அதே சேவல். இனி விட்டால் தன் மகள்களோடேயே சேரும், பொரிப்பு குறையும். அத்தைக்கு மனசில்லை. "நல்ல சேவலும்மிணி, நாலரைக்கு டாண்ணு கூவுது" என்கிறார். சந்தையில் வாங்கினால் கழிச்சலையும் சேர்த்து வாங்கி வருவோம் என்பதால் அந்தியூரில் சித்தி வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். கீரி நிறத்தில் ஒன்று இருக்கிறதாம். கொடுத்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. வந்ததும் மூன்று வாரமாவது கூட்டத்தோடு சேர்க்காமல் கட்டிப்போட ஒரு இடம் பார்க்க வேண்டும். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பஞ்சாரம் வைக்கும் மூலையைக் காலி செய்து கொடுக்க அத்தை இன்னும் சம்மதிக்கவில்லை.